நாற்சுழற் பாய்ச்சலும் நமது மதிப்பெண் தாளும்

2026ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி, விடியற்காலை மூன்று மணி கடந்த வேளை. மாம்புரிக் கரையில் வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. வாடைக்காற்றுக் காலமாதலால் மேலைக்கடல் அடங்கிக் கிடந்தது. ஆசிரியர் இருவரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலருமாகிய நாம், கரையோர வீடொன்றின் திண்ணையில் ஒரு சிறு திரையைச் சூழ்ந்து அமர்ந்திருந்தோம். இத்தாலியின் மிலான் நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டியின் ஓர் அங்கமான ஆடவர் ‘ஃபிகர் ஸ்கேற்றிங்’ நிறைவுபெறும் தறுவாயில் இருந்தது. உறைபனித் தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கி ஆடும் கலை அது, போட்டியும் அதுவே.

இலியா மலினின் என்ற அமெரிக்க இளைஞர் கடைசியாகக் களமிறங்கினார். முற்சுற்றில் முதலிடம் பெற்றிருந்தவர் அவர். உலகம் முழுவதும் அவருக்கே தங்கப் பதக்கம் என்று நம்பியிருந்தது. நான்கு நிமிடத்துள் அவர் இருமுறை வீழ்ந்தார். எவராலும் இயலாதென்று கருதப்பட்ட தம் தனிப் பாய்ச்சலை நடுவானிலேயே கைவிட்டார். இறுதியில் எட்டாம் இடம். ஐந்தாம் இடத்திலிருந்து எழுந்த கசகஸ்தான் வீரர் மிகைல் ஷைதோரோவ் தங்கம் வென்றார். வலையைத் தோளிலிட்டுக் கடலுக்குப் புறப்பட்ட வீட்டுக்காரர் ஒரு கணம் எம் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். “பாஞ்சது சரி மாஸ்டர், இறங்க இடம் பாக்கல்ல” என்று சொல்லிவிட்டு இருளில் நடந்தார்.

இலக்கியத் திங்களிதழில் இதற்கென்ன இடம் என்று வாசகர் வினவலாம். பனியையே கண்டறியாத கரை நமது கரை. நமக்கு உறைபனி என்றால் மீன் அடுக்கும் பெட்டியில் உள்ள ‘ஐஸ்’தான். எனினும் அன்றிரவு திண்ணையில் மூண்ட விவாதம் விளையாட்டைப் பற்றியதாக இருக்கவில்லை. அருமை என்பது வேறு, அழகு என்பது வேறா? கலையை எண்ணால் அளக்க இயலுமா? அளப்பவர் யார்? அளவுகோலுக்காகத் தம் உடலைக் கொடுப்பவர் யார்? உருவம், உள்ளடக்கம் என்ற பெயரில் நாம் நெடுங்காலமாக வாதிட்டுவரும் வினாக்களே இவை. ஆகவே இப்பொருளை விமர்சன நோக்கில் ஆராய்தல் தகும் என்று துணிந்தோம்.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். காலணியின் அடியில் பொருத்திய மெல்லிய எஃகு அலகின் ஒரு விளிம்பில் உடலைச் சாய்த்து வேகமாகச் சறுக்கி வருபவர், மேலெழும்பி, கைகளை மார்போடு ஒடுக்கிப் பம்பரம்போற் சுழன்று, ஒற்றைக்காலில் பின்முகமாக இறங்குவதே பாய்ச்சல். கைகளை ஒடுக்க ஒடுக்கச் சுழற்சி விரையும் என்பது பௌதிக ஆசிரியர் சுழலும் நாற்காலியில் செய்து காட்டும் பாடமேயாகும். ஒரு விநாடியிலும் குறைந்த நேரத்தில் நான்கு முறை முழுமையாகச் சுழன்று இறங்கினால் அது நாற்சுழற் பாய்ச்சல். டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லுட்ஸ், அக்ஸெல் எனப் பாய்ச்சல் அறுவகைப்படும். இவற்றுள் அக்ஸெல் ஒன்றே முன்முகமாக எழும்புவது. ஆதலால் அரைச் சுழற்சி அதிகம். நாற்சுழல் அக்ஸெல் என்றால் உண்மையில் நாலரைச் சுழற்சி.

இந்தப் பாய்ச்சலின் வரலாறு மனித உழைப்பின் வரலாறு. நோர்வே நாட்டு அக்ஸெல் பால்சன் 1882இல் வியன்னாவில் ஒற்றை அக்ஸெலைச் செய்து காட்டினார். அதனை இரட்டையாக்கியவர் அமெரிக்கரான டிக் பட்டன், ஆண்டு 1948. கனடாவின் வேர்ண் டெய்லர் 1978இல் மும்மடியாக்கினார். நான்மடியாக்கியவர் மேற்கூறிய மலினின். 2022 செப்ரெம்பரில், தம் பதினேழாம் வயதில். ஒரு சுழற்சியைக் கூட்ட முதலில் 66 ஆண்டுகள், பின்னர் 30, பின்னர் 44 ஆண்டுகள் தேவைப்பட்டன. ஏனைய வகைகளில் நாற்சுழல் முன்னரே வந்துவிட்டது. கனடாவின் கேட் பிறவுணிங் 1988இல் புடாபெஸ்ற் நகரில் செய்த டோ லூப் தான் ஏற்றுக்கொள்ளப்பட்ட முதல் நாற்சுழல். அதற்கு இரண்டாண்டு முன்னர் செக்கோஸ்லவாக்கியாவின் ஜோசப் சபோவ்சிக் அதனைச் செய்ததாகக் கருதப்பட்டது. இறங்கும்போது மறுகால் பனியைத் தொட்டது என்று பிறகு தள்ளுபடி செய்துவிட்டனர். ஒரு காலின் நுனி தொட்டதா இல்லையா என்பதில் ஒரு மனிதனின் வரலாற்றிடம் தங்கியிருந்தது.

அந்த ஒற்றைப் பாய்ச்சல் பெருகிய வேகம் வியப்புக்குரியது. அமெரிக்கரான நேதன் சென் 2018 ஒலிம்பிக் போட்டியில் ஒரே ஆட்டத்தில் ஆறு நாற்சுழல்களை முயன்றார். மலினின் 2024 உலகப் போட்டியில் ஆறு நாற்சுழல்களுடன், அவற்றுள் ஒன்று அக்ஸெலாக, வென்றார். முப்பத்தாறு ஆண்டுகளில் ஒன்று ஆறாயிற்று. நேதன் சென் சீனத்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். மலினினின் தாய் தந்தையர் இருவரும் உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக் களத்தில் ஆடியவர்கள். பயிற்சியும் பட்டறிவும் எல்லை கடந்து, தலைமுறை கடந்து திரண்டே இந்தப் பாய்ச்சல் உருவாயிற்று. தனிமனித மேதைமை என்று மட்டும் இதனைப் பாடுவோர் பாதியையே காண்கின்றனர்.

இனி வழக்குக்கு வருவோம். இத்துறையில் இரு கட்சியினர் உளர். ஒரு கட்சியினர் கூறுவது: இது கலை, இசையும் பாவமும் அசைவின் ஒழுங்குமே இதன் உயிர், பாய்ச்சலை எண்ணத் தொடங்கியதும் கலை செத்தது. மறுகட்சியினர் கூறுவது: இது விளையாட்டு, அரியதைச் செய்தவனே வெல்ல வேண்டும், பாவம் என்பது நடுவர் தமக்கு வேண்டியவருக்கு அள்ளிக் கொடுக்கும் தானம். 2010ஆம் ஆண்டு வான்கூவரில் இவ்விரு கட்சியும் நேருக்கு நேர் மோதின. அமெரிக்கரான எவன் லைசசெக் ஒரு நாற்சுழலும் இன்றி ஆடினார். ரஷ்யரான எவ்கெனி புளுஷென்கோ நாற்சுழலோடு ஆடினார். 1.31 புள்ளி வேறுபாட்டில் லைசசெக் வென்றார். நாற்சுழல் இல்லாதவன் ஒலிம்பிக் வீரனா என்று ஒரு சாராரும், நாற்சுழல் ஒன்றே ஆட்டமாகுமா என்று மறுசாராரும் நெடுநாள் வாதிட்டனர்.

கலைக் கட்சியின் பக்கமே நமது நெஞ்சம் முதலில் சாய்ந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. இலக்கியம் கற்பிப்போர் அவ்வாறு சாய்வது இயல்பு. ஆனால் திண்ணையிலிருந்த மாணவி ஒருத்தி எம்மை இடைமறித்தாள். “சேர், அழகு எண்டு சொல்றது ஆர்? அவங்கட கண்ணுக்கு அழகா இல்லாதவங்க என்ன செய்யிறது?” என்று கேட்டாள். இவ்வினா எம்மைச் சுர்யா பொனாலியை நினைக்கச் செய்தது.

சூரியன் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய அந்தப் பிரெஞ்சுக் கறுப்பினப் பெண், தம் காலத்துப் பெண்களுள் ஒப்பற்ற பாய்ச்சல் வல்லவர்; 1992 ஒலிம்பிக் போட்டியிலேயே நாற்சுழலை முயன்றவர். ஐரோப்பியப் பட்டத்தை ஐந்து முறை வென்றும் உலகப் பட்டம் அவருக்கு எட்டவில்லை. வலிமை உண்டு, நளினம் இல்லை என்பதே அவர்மீது மீண்டும் மீண்டும் சுமத்தப்பட்ட குறை. 1998இல் நகானோ நகரில், காயமுற்ற நிலையில், விதி தடைசெய்திருந்த பின்குட்டிக்கரணத்தைப் போட்டு ஒற்றைக்காலில் இறங்கினார். மதிப்பெண் குறைக்கப்படும் என அறிந்தே செய்தார். நடுவர்க்கு முதுகைக் காட்டி மக்களை வணங்கினார். அந்தத் தடை 2024இல் நீக்கப்பட்டது. இன்று ஆடவர் அதைச் செய்தால் அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது.

அவருக்கும் முன்னர் 1930களில் மேபல் ஃபெயர்பாங்க்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண், நிறங் காரணமாகப் பனித்தளத்தின் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். போட்டிக் களம் அவருக்குத் திறக்கவேயில்லை; பிற்காலத்தில் பயிற்றுநராகிப் பிறரை உருவாக்கினார். ஆகவே ‘நளினம்’ என்ற சொல் வானத்திலிருந்து இறங்கியதன்று. பனித்தளம் யார் கையில் இருந்ததோ அவர்களுடைய உடல், உடை, இசை ஆகியவற்றிலிருந்து எடுத்த அளவு அது. அந்த அளவுக்குள் அடங்காதவனுக்கு ஒரே வழி, மறுக்கவியலாத அருமையைச் செய்து காட்டுவது. எண்ணக்கூடியதைக் குறைவாக எண்ண முடியாது. நான்கு சுழற்சி நான்கு சுழற்சியே. அதனை மூன்றரை என்று கூற நடுவர் சாட்சி காட்ட வேண்டும். இந்த அளவில் நாற்சுழல் ஒடுக்கப்பட்டவரின் கையில் ஒரு சனநாயகக் கருவி என்ற மாணவியின் வாதத்தை நாம் ஏற்கிறோம். இலக்கியத்திலும் ‘மரபு தெரியாதவன்’, ‘கொச்சை எழுதுபவன்’ என்ற வசைகளை யார் யார்மீது ஏவினர் என்பது வாசகர் அறிந்ததே.

அவ்வாறாயின் எண்ணுவோர் கட்சியிற் சேர்ந்துவிடலாமா? அவசரப்படலாகாது. எண்ணுக்கும் ஓர் அரசியல் உண்டு.

2002ஆம் ஆண்டு சோல்ற் லேக் சிற்றியில், இணையர் போட்டியில் நடுவர் வாக்குப் பேரம் வெளிப்பட்டது. இரண்டாவது இணைக்கும் தங்கம் கொடுத்துச் சமாளித்தனர். ஆறு புள்ளிக்கு அளக்கும் பழைய முறை அதன் பின் கைவிடப்பட்டு, 2004இல் புதிய முறை வந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அடிப்படை விலை. அது செய்யப்பட்ட தரத்துக்கேற்பக் கூட்டல், கழித்தல். இசைவுக்கும் ஒப்பனைக்கும் தனித் தலைப்புகளில் பத்துக்குப் புள்ளி. கடைவீதிப் பற்றுச்சீட்டைப் போல ஒரு தாள் வெளிவரும். இனி ஊழல் இல்லை, எல்லாம் கணக்கு என்றனர்.

அந்த விலைப்பட்டியலை நாம் சற்று ஊன்றிப் பார்த்தல் வேண்டும். 2018க்கு முன்னர் நாற்சுழல் லுட்ஸின் அடிப்படை விலை 13.6. அதனைச் சுழன்று முடித்து வீழ்ந்தவனுக்குத் தரக்குறைவுக்கு 4, வீழ்ச்சிக்கு 1 கழித்தாலும் 8.6 எஞ்சும். முச்சுழல் லுட்ஸை ஒழுங்காகச் செய்து நின்றவனுக்கோ அடிப்படை விலை 6.0 தான். அதாவது நின்றவனை வீழ்ந்தவன் வென்றான். இரசிகர்கள் முகஞ் சுளித்தனர். 2018இல் விதியைத் திருத்தினர்: லுட்ஸ் 11.5 ஆயிற்று, தரக்குறைவின் தண்டம் விலையில் பாதிவரை உயர்ந்தது, நீண்ட ஆட்டம் நாலரை நிமிடத்திலிருந்து நான்காகவும், அதிலுள்ள பாய்ச்சல் உறுப்புகள் எட்டிலிருந்து ஏழாகவும் சுருங்கின. இப்போது அதே வீழ்ச்சிக்கு எஞ்சுவது 4.75, நின்ற முச்சுழலுக்கு 5.9. இது நீதியை நோக்கிய ஓர் அடி என்பதை மறுக்கவில்லை.

ஆனால் அதே பட்டியலின் மறுபக்கத்தைப் பாருங்கள். பனித்தளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, ஒவ்வொரு தாளத்துக்கும் விளிம்பு மாற்றி, திசை மாற்றி, உடலின் ஒவ்வொரு மூட்டும் இசையோடு உரையாடச் செல்லும் அடிவரிசை ஒன்று உண்டு. நமது நடனத்தில் அடவுக்கோவை போன்றது அது. அதன் மிக உயர்ந்த நிலைக்கு விலை 3.9. எல்லா நடுவரும் உச்சத் தரம் கொடுத்தாலும் 5.85க்கு மேற் போகாது. உச்சத் தரத்தில் இறங்கிய நாற்சுழல் லுட்ஸ் 17.25 வரை செல்லும். அடிவரிசையில் ஆண்டுகள் பல உழைத்தவன், அரை மணி வேலைக்கு ஐந்து ரூபாயும் அரை நொடி வேலைக்குப் பதினேழு ரூபாயும் கிடைக்கும் சந்தையில் நிற்கிறான். அவன் எதைப் பயில்வான்? பயிற்றுநர் எதைக் கற்பிப்பார்? ஆட்டத்தின் முன்பாதியில் நெடுந்தூரம் வெறுமனே சறுக்கி வேகம் சேர்ப்பதும், பாய்வதும், மீண்டும் வேகம் சேர்ப்பதுமாகப் பல ஆட்டங்கள் ஆகிப்போனதற்கு ஆடுவோரின் இரசனைக் குறைவு காரணமன்று. விலைப்பட்டியலே காரணம். விலை எதற்கோ விளைச்சல் அதற்கே.

எண்ணுவோர் கட்சி மறக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. ‘ஃபிகர்’ என்ற பெயரே, பனியின்மேல் அலகினால் வட்டமும் எட்டு வடிவமும் பிசகாது வரைந்த பழைய பயிற்சியிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் அறுபது விழுக்காடு அதற்குரியதாக இருந்தது. படிப்படியாகக் குறைந்து 1990இல் அது அறவே நீக்கப்பட்டது. அதன் அருமை குறைந்துவிட்டதாலா? இல்லை. தொலைக்காட்சியில் அது எடுபடவில்லை. குனிந்த தலையோடு கோடு வரையும் மனிதனை விளம்பரதாரர் விரும்பவில்லை. வானத்திற் சுழல்பவனையே விரும்பினர். அருமை என்பதும் சந்தையிற் செல்லும் அருமை, செல்லாத அருமை என இருவகைப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அந்தச் சந்தைக்கு மூலப்பொருளாவது மனித உடல். ஒற்றைக்காலில் இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையின் பன்மடங்கு சுமை கணுக்காலிலும் முழங்காலிலும் இடுப்பிலும் விழுகிறது. அரங்கில் நாம் காண்பது ஒரு முறை. பயிற்சியில் அதற்குப் பின்னால் கணக்கற்ற முறை. சப்பானின் யுசுரு ஹன்யு 2017 நவம்பரில் நாற்சுழல் லுட்ஸைப் பயிலும்போது வலது கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். மூன்று மாதத்தில் அதே காலோடு ஒலிம்பிக் தங்கத்தை இரண்டாம் முறை வென்றார். வீரம் என்று போற்றினோம். போற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த வீரத்தை ஒரு தொழில்முறையாக்கி அதற்கு இளைய உடல்களைத் தேடத் தொடங்கினால் என்னாகும்? அதற்கு விடை 2022இல் பீஜிங்கில் கிடைத்தது. ஆடவரின் நாற்சுழல் ஓட்டம் சிறுமியரிடத்தும் பரவியிருந்தது. பருவமடையாத மெல்லுடல் விரைந்து சுழலும் என்பது கணக்கு. பதினைந்து வயதான கமிலா வலியேவா, ஒலிம்பிக் களத்தில் நாற்சுழல் செய்த முதற் பெண்ணாகிய சில நாட்களில், தடைசெய்யப்பட்ட மருந்து அவர் உடலில் காணப்பட்ட செய்தி வெளியாயிற்று. தனியாட்டத்தில் மீண்டும் மீண்டும் வீழ்ந்து நான்காமிடம் பெற்று அழுத அந்தக் குழந்தையை உலகம் முழுவதும் தொலைக்காட்சியிற் கண்டது. பின்னர் அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. குழந்தை தண்டிக்கப்பட்டாள், குழந்தையைச் சுழற்றிய பொறி தண்டிக்கப்பட்டதா? பங்குபற்றும் குறைந்த வயதைப் பதினைந்திலிருந்து பதினேழாக உயர்த்த அவ்வாண்டே முடிவெடுத்தனர் என்பது மட்டும் ஆறுதல்.

இதுவரை கூறியவற்றால் இரு கட்சிகளும் ஒரே பிழையைச் செய்கின்றன என்பது விளங்கும். அருமையையும் அழகையும் இரண்டாகப் பிளந்து, ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு மற்றதை எதிரியிடம் எறிகின்றனர். உருவத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரிப்போர் இலக்கியத்திற் செய்வதும் இதுவே. யாப்பு வல்லமையே கவிதை என்பாரும், நல்ல கருத்திருந்தால் யாப்பு எதற்கு என்பாரும் ஒரு நாணயத்தின் இரு பக்கத்தவர்.

பிளவுபடாத ஆட்டம் உண்டா என்றால், உண்டு. ஹன்யுவின் வாழ்வையே எடுத்துக்கொள்வோம். 2011 மார்ச்சு 11ஆம் திகதி செண்டாய் நகரில் அவர் பயின்றுகொண்டிருந்த பனித்தளம் நிலநடுக்கத்தில் அதிர்ந்தபோது, கால்களில் சறுக்கணியோடு வெளியே ஓடிய பதினாறு வயதுச் சிறுவன் அவர். தளம் மூடப்பட்டது. ஊரூராகச் சென்று காட்சிகளில் ஆடி, அங்கே கிடைத்த பனியிலேயே பயின்றார். 2004 மார்கழியைக் கண்ட இத்தீவினருக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அவர் 2018இல் வென்ற ஆட்டம் சப்பானிய மரபுக் கதை மாந்தரான அபே நோ செய்மெய்யை மையமாகக் கொண்டது. குழலும் முரசும் ஒலிக்கும் இசை. அங்கே நாற்சுழல் ஒரு சொல்லைப் போல வாக்கியத்துக்குள் நிற்கும். முரசு அதிரும் இடத்தில் எழும்பி, இறங்கிய விளிம்பிலிருந்தே அடுத்த அசைவு பிறக்கும். அந்தப் பாய்ச்சலை நீக்கினால் இசையில் ஒரு பள்ளம் விழும். மேலை நாட்டு அரங்கிற் பிறந்த கலையில் கீழைநாட்டு உள்ளடக்கம் தன் உருவத்தைத் தானே கண்டுகொண்டது. அருமை அங்கே அழகின் எதிரியாக இல்லை. அழகின் எலும்பாக இருந்தது.

அதே ஹன்யு 2022இல் மூன்றாம் தங்கத்தை எண்ணிக் காத்துக்கொள்ளும் பாதையை விட்டு, எவரும் அதுவரை செய்து முடிக்காத நாற்சுழல் அக்ஸெலை முயன்று வீழ்ந்தார், நான்காமிடமே கிடைத்தது. சில மாதங்களின் பின் மலினின் அதனைச் செய்து முடித்தார். வீழ்ந்தவன் காட்டிய வாசலால் நின்றவன் நுழைந்தான். இவ்வீழ்ச்சிக்கும், விலைப்பட்டியலைப் பார்த்து வீழ்ந்தாலும் இலாபம் என்று வீழும் வீழ்ச்சிக்கும் வேறுபாடு உண்டு. மதிப்பெண் தாளில் இரண்டும் ஒரே குறியாற் குறிக்கப்படும். விமர்சகனின் வேலை அக்குறியின் கீழிருந்து தொடங்குகிறது.

நமது கலைகளுக்கு வருவோம். பரதத்தில் நிருத்தம், நிருத்தியம் என்ற பகுப்பு உண்டு. சதி வேகத்தை மூன்று காலத்திலும் முழக்கிக் கைதட்டல் பெறுவோரும், தாளம் தள்ளாடினாலும் முகபாவத்தாற் சமாளிப்போரும் நம் மேடைகளிலும் உளர். விடிய விடிய ஆடிய கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்கேற்பச் சுருக்கியமைத்தபோது, ஆட்ட நுட்பத்தில் எதைக் காப்பது, எதை விடுவது என்ற வினாவே எழுந்தது. ஆட்டக்காரன் கால் சலிக்க ஆடிக்காட்டும் வன்மையை வெறும் நீளம் என்று தள்ளவும் கூடாது. வன்மைக்காகக் கதையை நிறுத்திவைக்கவும் கூடாது. அன்று எழுந்த வினா இன்றும் தீர்ந்துவிடவில்லை.

இன்னும் நெருங்கி வருவோம். இவ்விதழை வாசிக்கும் ஆசிரியருட் பலர் ஆண்டுதோறும் தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கு நடுவராக அமர்பவர்கள். நம் கையிலும் ஒரு தாள் உண்டு. உச்சரிப்புக்கு இத்தனை, பொருளுக்கு இத்தனை, மேடைப்பாங்குக்கு இத்தனை. நகரத்துப் பாடசாலைப் பிள்ளை, பணங் கொடுத்துப் பயின்ற குரலில் மூச்சுவிடாது முழங்கிவிட்டுப் போகிறது. மேடைப்பாங்குக்கு முழுப் புள்ளி இடுகிறோம். அடுத்து இந்தக் கரையிலிருந்தோ, 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வேர்விட்ட குடும்பத்திலிருந்தோ ஒரு பிள்ளை வருகிறது. அதன் வாயில் ஊர்ப் பேச்சின் வாடை. தான் கண்டதைத் தன் சொல்லிற் சொல்கிறது. ‘உச்சரிப்பு’ என்ற கட்டத்தில் நமது பேனா தயங்காமற் குறைக்கிறது. பொனாலிக்கு நளினம் இல்லையென்று எழுதிய பேனா எது என்று வெளியே தேட வேண்டியதில்லை.

மறுபுறம், ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பத்து வயதுக் குழந்தையை விடியுமுன் எழுப்பிச் சுழற்றும் நாட்டிலிருந்துகொண்டு, வலியேவாவுக்காக மட்டும் கண்ணீர் விடுவது எளிது. எத்தனை சுழற்சி, எத்தனை புள்ளி, எந்த வெட்டுப்புள்ளி என்று கேட்கும் நமது வாய், அந்தக் குழந்தை எங்கே இறங்கும் என்று கேட்பதில்லை.

ஆகவே நமது நிலையை இவ்வாறு வகுக்கிறோம். நாற்சுழற் பாய்ச்சலை நாம் எதிர்க்கவில்லை. மனித உடல் தன் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு கணமும் மனிதகுலத்தின் பொதுச் சொத்து. அதனை இகழ்வது உழைப்பை இகழ்வதாகும். எண்ணையும் நாம் வெறுக்கவில்லை. எண் இல்லாத இடத்தில் செல்வாக்கு ஆளும். ஆனால் விலைப்பட்டியல் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது, எவ்வுழைப்பை மலிவாக்குகிறது என்று கேளாமல் அதனை இயற்கை விதிபோல வணங்குவதை எதிர்க்கிறோம். அடிவரிசையின் விலை உயரட்டும். வயதெல்லை உறுதியாகக் காக்கப்படட்டும். ‘நளினம்’ என்ற தலைப்பின் கீழ்ப் புள்ளியிடும் நடுவர், ஏன் இட்டார் என்பதைச் சொல்லால் எழுதட்டும். பனித்தளத்துக்கு நாம் விடுக்கும் இக்கோரிக்கைகள் அங்கே எட்டப்போவதில்லை என்பதை அறிவோம். நமது போட்டி மண்டபங்களுக்கு எட்டும். கட்டத்தில் எண்ணை இடுமுன் காரணத்தை ஒரு வரியில் எழுதும் வழக்கத்தை அடுத்த போட்டியிலேயே நாம் தொடங்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அன்று காலை ஏழு மணியளவில் வள்ளங்கள் திரும்பின. உறக்கம் கலையாத மாணவரோடு நாமும் கரைக்குச் சென்றோம். வீட்டுக்காரரின் வள்ளத்தில் மீன் அதிகமில்லை. சம்மாட்டியின் ஆள் பெட்டிகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினான். இரவு முழுவதும் விரித்த வலையின் அகலமும், அலையுடைந்த இடத்தில் வள்ளத்தைத் திருப்பிக் கொணர்ந்த கையின் பழக்கமும் அந்தக் குறிப்பேட்டில் இல்லை. பெட்டியின் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. இரவு எம்மை இடைமறித்த மாணவி அந்தக் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு எம்மைப் பார்த்தாள். அவளுக்கு விடையாக எழுதியதே இக்கட்டுரை.